ஃபார்ம் டேட்டாவை சர்வரில் வாங்க மூன்று வழி: எதை எங்கே எடுப்பது?

ஒரு ஃபார்ம் சப்மிட் ஆகி சர்வருக்கு வந்துவிட்டது. அதை வாங்கி டேட்டாபேஸில் போட, எந்த மொழியில் எழுதினாலும் எந்த ஃபிரேம்வொர்க் என்றாலும், அடிப்படையில் மூன்று வழிதான். ரிக்வெஸ்ட்டில் இருந்து ஒவ்வொரு ஃபீல்டாகக் கையால் எடுத்து நாமே சரிபார்த்துக்கொள்வது ஒன்று. வந்ததை மொத்தமாக டேட்டாபேஸ் மாடலிடம் (ஒரு டேபிளைக் கோடில் குறிக்கும் கிளாஸ்) கொடுத்து, பெயர் பொருந்துகிற ஃபீல்டுகளை அதுவே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விடுவது இரண்டாவது. அந்தக் குறிப்பிட்ட ஃபார்முக்கென்றே ஒரு கிளாஸோ ஸ்கீமாவோ எழுதி, அதைத் தாண்டி எதுவும் உள்ளே வராதபடி செய்வது மூன்றாவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஃபார்ம்களுக்கு மூன்றாவது. தேடல் பெட்டி, சப்ஸ்கிரைப் பெட்டி மாதிரி ஒன்றிரண்டு ஃபீல்டு இருக்கிற இடத்தில் முதல் வழி போதும். மாடலில் நேரடியாக ஊற்றுகிற இரண்டாவது வழியை, எவ்வளவு சின்ன ப்ராஜெக்ட் என்றாலும், நான் எடுக்க மாட்டேன். "கோடு குறையுமே" என்பதை வைத்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்பவர்கள் நிறைய, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. இந்த ஃபார்ம் வழியாக என்னென்ன உள்ளே வரலாம், எந்த வடிவத்தில் வரலாம் என்பதை உங்கள் கோடில் ஏதாவது ஓர் இடத்தைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியுமா? அதுதான் கேள்வி.

வருவது என்ன என்று முதலில் பார்ப்போம்

பிரவுசர் அனுப்புவது நாம் மனதில் வைத்திருக்கும் ஃபார்ம் இல்லை. பெயர், மதிப்பு, பெயர், மதிப்பு என்று ஒரு வரிசை. ஃபைலைத் தவிர எல்லாமே ஸ்ட்ரிங். எண், தேதி, ஆம்/இல்லை எதற்கும் டைப் கிடையாது. நிரப்பாமல் விட்ட டெக்ஸ்ட் பெட்டி காலி ஸ்ட்ரிங்காக வரும், ஆனால் டிக் செய்யாத செக்பாக்ஸ் வரவே வராது. டிசேபிள் செய்த ஃபீல்டும் வராது, ரீட்ஒன்லி ஃபீல்டு மட்டும் வரும். ஆகவே ஒரு பெயர் வரவில்லை என்றால் பயனர் டிக்கை எடுத்துவிட்டார் என்று அர்த்தமா, அந்தப் பெட்டியே அந்தப் பக்கத்தில் இல்லை என்று அர்த்தமா என்பதை ரிக்வெஸ்ட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரூபி மொழியின் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸ் இதற்காகத்தான் ஒவ்வொரு செக்பாக்ஸுக்கும் முன்னால் அதே பெயரில் 0 என்ற மதிப்போடு ஒரு மறைவான ஃபீல்டைப் போடுகிறது. ஜாவாவின் ஸ்பிரிங், பெயருக்கு முன் அடிக்கோடு வைத்த இன்னொரு மறைவான ஃபீல்டை வைத்து அதே வேலையைச் செய்கிறது.

டெக்ஸ்ட்ஏரியாவிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதில் தட்டிய ஒவ்வொரு வரி முறிவும் சப்மிட் ஆகும்போது இரண்டு குறிகளாக மாறி வரும். பிரவுசரின் நீள வரம்பு அதை ஒன்றாகத்தான் எண்ணும். 500 எழுத்து என்று வரம்பு வைத்த பெட்டியில் ஒருவர் 12 முறை என்டர் தட்டி, சரியாக 500 நிரப்பி அனுப்பினால் சர்வருக்கு வருவது 512. பிரவுசர் சரி என்றது, சர்வர் தப்பு என்கிறது, பயனருக்கு எதுவும் புரியாது. எண்ணுவதற்கு முன் வரி முறிவை ஒன்றாக மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. அதை எந்த இடத்தில் செய்வது என்பதுதான் மூன்று வழிகளுக்கும் உள்ள வித்தியாசம்.

தமிழில் டைப் செய்து அனுப்பினால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். சாதாரண ஃபார்ம் என்கோடிங்கில் 'க' என்ற ஒரே எழுத்து யூடிஎஃப்-8இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 குறிகளாகும், மொத்தம் 9. 'கி' என்றால் 18, ஏனென்றால் 'க'வின் மேல் வரும் இகரக் குறி தனிக் குறியீடு. நீண்ட தமிழ் உரையை வாங்குகிற ஃபார்முக்கு மல்டிபார்ட் என்கோடிங் வைத்தால் பைட்டுகள் அப்படியே போகும், அளவு மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். ஃபைல் அப்லோடுக்காக 1995இல் வந்த முறைதான் அது, ஆனால் ஃபைல் இல்லாத ஃபார்முக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கையால் எடுப்பது

இந்த வழிக்கு ஒரு பெரிய நல்ல குணம் இருக்கிறது: நீங்கள் கேட்காத எதுவும் உள்ளே வராது. பெயரையும் மின்னஞ்சலையும் மட்டும் எடுத்தீர்கள் என்றால், ரிக்வெஸ்ட்டில் இன்னும் நாற்பது ஃபீல்டு ஒட்டிக்கொண்டு வந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை. இரண்டு ஃபீல்டு ஃபார்முக்கு ஒரு கிளாஸ், ஒரு வேலிடேட்டர், ஒரு மேப்பர் என்று எழுதுவது வீண் வேலை.

ஃபீல்டு எண்ணிக்கை ஏற ஏறத்தான் இது தளர்கிறது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் இருக்கிறதா, காலியா, டைப் மாறுமா, வரம்புக்குள் இருக்கிறதா, தப்பென்றால் எந்தப் பெட்டிக்கு அருகில் என்ன செய்தி காட்ட வேண்டும் என்று ஐந்தாறு கேள்வி வருகிறது. பத்து ஃபீல்டு வந்ததும் ஹேண்ட்லர் ஒரு பக்கத்தைத் தாண்டிவிடும், அதில் எங்கோ ஒரு ஃபீல்டுக்கு ஒரு சோதனை விடுபட்டுப்போகும். விடுபட்டது கண்ணில் படாது என்பதுதான் சங்கடம். இருக்கிற ஐம்பது 'இஃப்'களுக்கு நடுவே இல்லாத ஒரு 'இஃப்'பை ரிவ்யூவில் யார் கண்டுபிடிப்பது?

டைப் மாற்றுவதில் மொழியின் குணமும் சேர்ந்துகொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் காலி ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றினால் 0 வரும், பிழை வராது. விலைப் பெட்டியை ஒருவர் நிரப்ப மறந்தால் பொருள் இலவசமாகிவிடும். பிஎச்பியில் '12' என்பதற்குப் பின்னால் குப்பை எழுத்து இருந்தாலும் இன்ட்டுக்கு காஸ்ட் செய்தால் சத்தமில்லாமல் 12 கிடைக்கும். பைதான் இரண்டையும் பிழை என்று நிறுத்தும். அதே பைதானில் பெயர் பெட்டிக்கு 'எழுத்து மட்டும்தானா' என்று பார்க்க ஸ்ட்ரிங்கின் இஸ்ஆல்ஃபாவை அழைத்தால், 'தமிழ்' என்ற சொல்லுக்கே இல்லை என்று பதில் வரும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, ஒட்டுக்குறி வகையில் இருக்கின்றன, அதனால்தான். ரெகெக்ஸில் எழுத்து வகையை மட்டும் அனுமதித்தாலும் இதே கதி. ஒட்டுக்குறி வகையையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலின் ஆல்ஃபா விதி அதைச் செய்கிறது.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்? பிஎச்பியும் பைதானின் ஜாங்கோவும் கடைசி மதிப்பைக் கொடுக்கும். ஜாவா செர்வ்லெட்டும் பைதானின் ஃபிளாஸ்க்கும் முதல் மதிப்பைக் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் எக்ஸ்பிரஸில் ஓர் அரே (மதிப்புகளின் பட்டியல்) வந்து நிற்கும், ஸ்ட்ரிங் என்று நம்பி எழுதிய கோடு அங்கே உடையும். முன்னால் ஒரு ப்ராக்ஸியோ ஃபயர்வாலோ முதல் மதிப்பைச் சோதித்துவிட்டு உள்ளே விட, பின்னால் உள்ள ஆப் கடைசி மதிப்பை எடுத்தால் சோதனையே வீண். இன்னொன்று, கோ மொழியின் ஃபார்ம்வேல்யூ, பிஎச்பியின் ரிக்வெஸ்ட் அரே போன்றவை யூஆர்எல்லில் வந்ததையும் பாடியில் வந்ததையும் கலந்து தரும். போஸ்ட்டில் வந்தது மட்டும் வேண்டும் என்றால் அதற்கென்று உள்ளதையே அழையுங்கள்.

இதெல்லாம் தெரிந்தவர் கையால் எழுதினால் நன்றாகவே எழுதுவார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் டீமில் எல்லாரும் எல்லா நாளும் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்பி ஒரு ஆப்பை எழுத முடியாது.

மாடலில் நேரடியாக ஊற்றுவது

டெமோவில் இதைவிட அழகான வழி கிடையாது. ரிக்வெஸ்ட் பாடியை மாடலின் கிரியேட்டுக்கோ அப்டேட்டுக்கோ கொடுங்கள், ஒரே வரி, வேலை முடிந்தது. பிரச்சினை என்னவென்றால் உள்ளே என்ன வரலாம் என்பதை இப்போது நீங்கள் முடிவு செய்யவில்லை, அனுப்புகிறவர் முடிவு செய்கிறார். யூசர் டேபிளில் 'அட்மினா' என்று ஒரு காலம் (column) இருக்கிறது, ப்ரொஃபைல் ஃபார்மில் அந்தப் பெட்டி இல்லை. பெட்டி இல்லாததால் பாதுகாப்பு என்று நினைப்போம். பிரவுசரின் டெவலப்பர் டூலைத் திறந்து அந்தப் பெயரில் ஒரு இன்புட்டைச் சேர்த்து மதிப்பை 1 என்று வைத்து சப்மிட் அழுத்த அரை நிமிடம் போதும்.

ரெயில்ஸில் எழுதிய கிட்ஹப்பில் 2012 மார்ச்சில் நடந்தது இதுதான். பப்ளிக் கீ (கோடை அனுப்ப ஆளை அடையாளம் காட்டும் சாவி) சேர்க்கிற ஃபார்மில் வேறொரு பயனரின் ஐடியையும் சேர்த்து அனுப்பி, தனக்கு அனுமதியே இல்லாத ரெயில்ஸ் ரெப்போவிலேயே ஒருவர் கமிட் செய்து காட்டினார். அதற்கு முன்னாலும் ரெயில்ஸில் தடுப்பு வழி இருந்தது: எந்தக் காலங்களை இப்படி நிரப்பலாம் என்று மாடலிலேயே ஒரு பட்டியல் எழுதலாம். எழுதாவிட்டால் எல்லாம் திறந்திருக்கும். அடுத்த வருடம் வந்த ரெயில்ஸ் 4இல் அந்தப் பட்டியல் மாடலை விட்டு கன்ட்ரோலருக்கு வந்தது, எழுதாமல் விட்டால் எதுவும் உள்ளே போகாது என்றும் ஆனது.

பட்டியல் இடம் மாறியதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். மாடலில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும், ஆனால் ஒரே டேபிளுக்குப் பல ஃபார்ம்கள் எழுதுகின்றன. புதிதாகச் சேருகிறவர் மின்னஞ்சலைக் கொடுக்கலாம், ப்ரொஃபைலில் அதே மின்னஞ்சலை உறுதி செய்யாமல் மாற்றக்கூடாது, அட்மின் பக்கத்தில் ரோலையும் மாற்றலாம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பட்டியல் என்றால் அது மிகப் பெரிய ஃபார்மின் அளவுக்கு விரிந்துதான் நிற்கும். அனுமதி என்பது டேபிளைப் பொறுத்தது இல்லை, ஃபார்மைப் பொறுத்தது.

ஜாவா பக்கம் இதைவிட மோசமாக ஒன்று நடந்தது. 2022 மார்ச்சில் ஸ்பிரிங்4ஷெல் என்ற பெயரில் வெளியான ஓட்டையில், ஃபீல்டின் பெயரையே ஒரு பாதை மாதிரி எழுதி அனுப்பினார்கள்: ஆப்ஜெக்ட்டில் இருந்து அதன் கிளாஸ், அங்கிருந்து மாட்யூல், அங்கிருந்து கிளாஸ்லோடர் என்று போய், டாம்கேட் என்ற ஜாவா சர்வரின் லாக் அமைப்பை மாற்றி, சர்வரில் ஓடக்கூடிய ஒரு ஃபைலையே எழுத வைத்தார்கள். ஜேடிகே 9 அல்லது அதற்குப் பிந்தையதில், டாம்கேட்டில் வார் ஃபைலாக ஓடிய ஆப்களை இது தாக்கியது. பேட்ச் உடனே வந்துவிட்டது. ஆனால் பெயர் பொருந்தினால் நிரப்பு என்கிற ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

எக்ஸ்பிரஸிலும் இதே சாயல் உண்டு. யூஆர்எல்என்கோடட் பார்சரை எக்ஸ்டெண்டட் என்று வைத்தால், சதுர அடைப்புக்குறி போட்ட பெயர்கள் உள்ளடங்கிய ஆப்ஜெக்ட்டாக மாறும். பாஸ்வேர்ட் ரீசெட் ஃபார்மில் டோக்கன் ஒரு ஸ்ட்ரிங்காக வரும் என்று எண்ணி, அதை அப்படியே மாங்கோடிபி டேட்டாபேஸின் தேடலில் போடுகிறீர்கள். அனுப்புகிறவர் டோக்கன் என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'சமமில்லை' என்கிற மாங்கோ ஆபரேட்டரை எழுதி, மதிப்பாக ஏதோ ஓர் எழுத்தைக் கொடுக்கிறார். தேடல் இப்போது 'டோக்கன் இந்த எழுத்துக்குச் சமமாக இல்லாத ஆள் யார்' என்று கேட்கிறது. யாராவது ஒருவர் கிடைப்பார், அவருடைய பாஸ்வேர்டு மாறும். அது ஸ்ட்ரிங்தானா என்று ஒரு வரி பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

ஃபார்முக்கென்று தனி கிளாஸ்

ஜாங்கோவின் ஃபார்ம், லாராவெலின் ஃபார்ம்ரிக்வெஸ்ட், நோடில் ஸாட் ஸ்கீமா, ஸ்பிரிங்கில் வேலிடேஷன் குறிப்புகளோடு ஒரு ரெக்கார்டு. பெயர்கள் வேறு, வேலை ஒன்றுதான். எந்த ஃபீல்டு, என்ன டைப், என்ன வரம்பு, கட்டாயமா இல்லையா என்பது ஒரே இடத்தில் அறிவிப்பாக இருக்கும். அதைத் தாண்டி வெளியே வருவது டைப் சரியான, சுத்தமான டேட்டா, அல்லது ஃபீல்டு வாரியாகப் பிழைகள். வரி முறிவைச் சரிசெய்வது, முன்பின் இடைவெளியை வெட்டுவது, யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது எல்லாம் இங்கேயே நடக்கலாம். தமிழில் 'கொ' என்பதன் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் தட்டலாம், திரையில் இரண்டும் ஒன்றே. பயனர்பெயர் ஒரே மாதிரி இரண்டு இருக்கக்கூடாது என்றால் ஒப்பிடுவதற்கு முன் என்எஃப்சி என்ற யூனிகோடின் பொது வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும்.

செலவு இல்லாமல் இல்லை. புதிதாக ஒரு ஃபீல்டு சேர்த்தால் டெம்ப்ளேட், ஃபார்ம் கிளாஸ், மாடல், மைக்ரேஷன் என்று நான்கு இடத்தில் கை வைக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. டேபிளில் காலம் சேர்ந்தவுடன் ஃபார்ம் வழியாகவும் அது தானாகத் திறந்துகொள்வதைவிட, திறக்க ஒரு வரி எழுத வேண்டியிருப்பது நல்லது. ஜாங்கோவின் மாடல்ஃபார்ம் இந்த வேலையைக் குறைக்கும், ஆனால் அது இரண்டாவது வழிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிறது. ஃபீல்டுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டால் மூன்றாவது, 'எல்லாம்' என்று கொடுத்தால் மறுபடி இரண்டாவது. 'இவை தவிர' என்று விலக்கிச் சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள், நாளை சேரும் காலம் அந்த விலக்கில் இருக்காது.

இந்த வழியில் போனாலும் லைப்ரரி என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஸாடில் கோயர்ஸ் என்று போட்டு எண்ணாக மாற்றச் சொன்னால், மேலே சொன்ன ஜாவாஸ்கிரிப்ட் விதியே ஓடும், காலிப் பெட்டி 0 ஆகும். பூலியனாக மாற்றச் சொன்னால் 'ஃபால்ஸ்' என்ற ஸ்ட்ரிங் ட்ரூ ஆகும், காலியில்லாத எந்த ஸ்ட்ரிங்கும் அங்கே உண்மைதான். காலி ஸ்ட்ரிங்கை முதலில் 'இல்லை' என்று மாற்றும் ஒரு படியை முன்னால் வையுங்கள். லாராவெல் 5.4இல் இருந்து காலி ஸ்ட்ரிங்கை null (மதிப்பு இல்லை) என்று மாற்றுவதையும் இடைவெளி வெட்டுவதையும் இயல்பாகவே செய்கிறது. அதே லாராவெலில் விதிகளை எல்லாம் அழகாக எழுதிவிட்டு, கடைசியில் வேலிடேட்டட் என்பதற்குப் பதில் ஆல் என்பதை அழைத்து மாடலுக்குக் கொடுக்கிற கோடையும் பார்க்கலாம். சோதித்தது ஒன்று, சேமித்தது இன்னொன்று என்றாகிவிடும்.

'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறதா' மாதிரி டேட்டாபேஸைக் கேட்கும் சோதனைகளை ஃபார்ம் கிளாஸில் வைக்கலாம், நல்ல பிழைச் செய்தி காட்ட உதவும். அதோடு நிறுத்தக்கூடாது. இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்ற பதிலைப் பெற்று இரண்டுமே எழுதப் போகும். டேபிளில் யூனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் இரண்டாவது நிற்கும், அந்தப் பிழையைப் பிடித்து அதே செய்தியாக மாற்றிக் காட்டுங்கள்.

பிழை வந்தால் ஃபார்மைத் திரும்பக் காட்டும்போது பயனர் தட்டியதை அப்படியே பெட்டிகளில் வைத்துக் காட்ட வேண்டும், பாஸ்வேர்டைத் தவிர. இதற்கு டைப் மாற்றிய மதிப்பு உதவாது, வந்த மூல ஸ்ட்ரிங்தான் வேண்டும். வயது பெட்டியில் 'இருபது' என்று எழுதியவருக்குக் காலிப் பெட்டியைக் காட்டினால் எது தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? கையால் எழுதும்போது எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். ஃபார்ம் கிளாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கும். எனக்கு மூன்றாவது வழி பிடித்ததற்குப் பாதுகாப்புக்கு அடுத்த காரணம் இது. பத்து நிமிடம் உட்கார்ந்து நிரப்பிய ஃபார்மை ஒரு தப்புக்காக மொத்தமாக அழித்துக் காட்டுவது பயனரின் நேரத்தை மதிக்காத செயல்.

எந்த வழி என்றாலும் வேண்டியவை சில. சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் பயனர் பெயரில் ஃபார்ம் அனுப்பாமல் தடுக்கும் ரகசிய மதிப்பு) வேண்டும். சேமித்த பிறகு பக்கத்தை நேரடியாகக் காட்டாமல் 303 கொடுத்து வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ரெஃப்ரெஷ் அழுத்தினால் இன்னொரு முறை சப்மிட் ஆகும். எச்டிஎம்எல்லின் ரெக்வயர்டும் பேட்டர்னும் பயனருக்கு வசதி, அவ்வளவுதான். அளவு வரம்புகளையும் ஒரு முறை சேர்த்து வைத்துப் பாருங்கள்: என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் இயல்பாக 1 எம்பி, மீறினால் 413 பிழை. எக்ஸ்பிரஸ் பார்சரில் 100 கேபி. பிஎச்பியில் இயல்பு வரம்பு 8 எம்பி, அதை மீறினால் போஸ்ட் அரே முழுக்கக் காலியாக வரும், 'எல்லா ஃபீல்டும் கட்டாயம்' என்று பயனருக்குப் பிழை காட்டிக்கொண்டிருப்போம். ஃபீல்டு எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பிஎச்பியில் 1000ஐத் தாண்டினால் மிச்சத்தை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு தொடரும், ஜாங்கோ அதே 1000இல் ரிக்வெஸ்ட்டையே மறுத்து 400 தரும். பெரிய அட்டவணையை ஃபார்மாக வைத்து எடிட் செய்யும் பக்கங்களில் கடைசி வரிசைகள் மட்டும் சேமிக்காமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

சரி, ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் வைத்து ஜேசனாக அனுப்பினால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா? எண்ணும் பூலியனும் டைப்போடு வரும், டிக் செய்யாததும் ஃபால்ஸ் என்று வரும், அந்த அளவுக்கு லாபம். ஆனால் அனுப்புகிறவர் என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பது மாறவில்லை. மாங்கோ ஆபரேட்டரை அனுப்ப அடைப்புக்குறி வித்தைகூட இப்போது தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் ஃபார்ம் செத்துவிடும் என்பதும் உண்டு. ஸ்கீமா இங்கேயும் வேண்டும்.

ஏற்கெனவே ஓடுகிற ஆப்பை மாற்றுவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். ரிக்வெஸ்ட் பாடி முழுசாக கிரியேட்டுக்கோ அப்டேட்டுக்கோ போகிற இடங்களை முதலில் தேடுங்கள், யூசர், ரோல், விலை, உரிமையாளர் ஐடி தொடர்பான டேபிள்களில் இருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு ஃபார்மையும் மாற்றியதும் ஐந்து டெஸ்ட் எழுதிவிடுங்கள்: ஃபார்மில் இல்லாத ஒரு காலத்தின் பெயரைச் சேர்த்து அனுப்புவது, கட்டாயமான ஒன்றை விட்டு அனுப்புவது, ஒரே பெயரை இரண்டு முறை அனுப்புவது, ஸ்ட்ரிங் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு அனுப்புவது, வரி முறிவுகளோடு வரம்பை நிரப்பிய தமிழ் உரையை அனுப்புவது. கையால் எடுக்கும் சின்ன ஃபார்ம்களுக்கும் இதே ஐந்தை ஓட்டிப் பாருங்கள், இரண்டுக்கு மேல் தோற்றால் அந்த ஃபார்முக்கும் தனி கிளாஸ் எழுதும் நேரம் வந்துவிட்டது.